நான் சுரண்டிய புள்ளி

இப்போதெல்லாம் மழை தானாகவே வந்து கணினியில் உட்கார்ந்துகொள்கிறதாம். ஒரு கம்பம், அதன் பக்கத்தில் சூரியத் தகடு, உள்ளே ஒரு சின்ன வாளி. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எண் வந்து விழுகிறதாம். ஓய்வூதிய விஷயமாக உங்கள் மழைக் கணக்குப் பிரிவுக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் எனக்குத் திரையைத் திருப்பிக் காட்டினார். சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் திரையில் ஓர் எண்ணின் மேல் விரலை வைத்து, "இது மட்டும் பக்கத்து ஸ்டேஷனோட ஒத்துப் போகல சார், சரி பண்ணணும்" என்றார்.

அந்த "சரி பண்ணணும்" என்ற வார்த்தைதான் என்னை இதை எழுத உட்கார வைத்தது. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வார்த்தையை அவருக்கு முன்னால் அதே அறையில் சொல்லிச் சொல்லிப் பழக்கியவர்களில் நானும் ஒருவன். உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. செய்ததைச் சொல்கிறேன், படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மாவட்டம் பிரிந்த 1993-இல் நான் மழைக் கணக்குப் பிரிவுக்கு வந்தேன். வீடு திண்டிவனம், வேலை விழுப்புரம். தினமும் பஸ். ஐப்பசி, கார்த்திகையில் திண்டிவனத்தில் ஏறும்போதே முழங்கால் வரை நனைந்திருப்பேன். பஸ்ஸில் ஷட்டரை இறக்கிவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்போம். கூட்டேரிப்பட்டில் ஆள் இறங்கி ஏறும்போது யாராவது ஷட்டரைத் தூக்கிப் பார்ப்பார்கள், தூறல்தான் இருக்கும். சில நாள் அதுவும் இருக்காது, ரோட்டில் லாரி போனால் புழுதி கிளம்பும். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் மழை எப்படி மாறுகிறது என்பதை வருடக்கணக்கில் என் சட்டையிலேயே பார்த்தவன் நான். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தெரியாமல் செய்தேன் என்று பின்னால் நான் சொல்ல முடியாது.

வடகிழக்குப் பருவமழை கடலில் இருந்து வருவது. மரக்காணத்தில் கொட்டும், திண்டிவனத்தில் பெய்யும், விழுப்புரத்தில் அன்றைய மனநிலைக்கு ஏற்றபடி ஏதோ செய்யும். மேற்கே முகையூர்ப் பக்கம் போகும்போது பெரும்பாலும் மேகம் மட்டும்தான் மிச்சம் இருக்கும். மரக்காணத்தில் மீன்பிடிக்கிற குடும்பங்கள் வீட்டுக்குள் வந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கிற நாளில், முகையூர்ப் பக்கம் குடத்தை எடுத்துக்கொண்டு அலைவார்கள். நாங்கள் இரண்டையும் கூட்டி வகுத்து, மாவட்டத்தில் இயல்பான மழை என்று எழுதி அனுப்புவோம். அதுவும் எங்களுக்குச் சரிதான்.

எங்கள் பிரிவுத் தலைவர் கெட்ட மனிதர் இல்லை. பெயர் வேண்டாம், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பத்து மணிக்குள் மழை அட்டவணை மேலே போக வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு உலகம். ஒருநாள் கடலோர மழைமானி ஒன்றிலிருந்து நூற்றுப் பதினான்கு மில்லிமீட்டர் என்று வந்தது. சுற்றியுள்ள எல்லா இடத்திலும் பத்து, பன்னிரண்டுதான். எனக்கு உறுத்தியது. போன் போட்டுக் கேட்டேன். அளந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். பதினொன்று புள்ளி நான்கு, நடுவில் புள்ளி வைக்க மறந்துவிட்டாராம்.

"உனக்கு மண்டை இருக்குதுப்பா. பக்கத்து ஊரைப் பார்த்தே கண்டுபிடிச்சிட்டியே" என்று தலைவர் எல்லார் முன்னாலும் தோளில் தட்டினார்.

அந்தத் தட்டு என்னைக் கெடுத்தது. அதற்கப்புறம் இரண்டு முறை அதேபோலச் சந்தேகப்பட்டேன், போன் போட்டேன், இரண்டு முறையும் நான் நினைத்ததே சரியாக இருந்தது. மூன்றாவது முறையிலிருந்து போன் போடுவதை விட்டுவிட்டேன். பக்கத்து எண்ணைப் பார்ப்பேன், புள்ளியை இப்படியோ அப்படியோ நகர்த்துவேன். "சரி பண்ணிட்டேன் சார்" என்பேன். தலைவர் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்.

முகையூருக்கும் மேற்கே ஒரு கிராமத்தில், ஏரிக்கரையில் இருந்த அரசு பங்களாவின் தோட்டத்தில் ஒரு மழைமானி இருந்தது. அதை அளந்தவர் அந்தோணியம்மாள். பங்களாவைப் பெருக்குகிற பகுதிநேர வேலை, அதோடு மழை அளக்கிற வேலை. சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது, வீட்டுக்காரர் கூலிக்குப் போகிறவர். எட்டாவது வரை படித்திருந்தார். காலை எட்டரைக்குப் புனலைத் தூக்கி, பாட்டிலில் விழுந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளந்துவிட்டு, தபால் ஆபீசுக்கு நடந்து வந்து எனக்குப் போனில் சொல்வார். மாதக் கடைசியில் முப்பது நாளின் எண்களையும் ஒரு கார்டில் எழுதித் தபாலில் அனுப்புவார்.

அவர் கார்டைப் பார்த்தாலே தெரியும். எண்களை இடம் விட்டுவிட்டு எழுதுவார். புள்ளியை மட்டும் பால்பாயின்ட் பேனாவால் அப்படி ஓர் அழுத்து அழுத்துவார். முதல்முறை பயிற்சிக்கு வந்தபோது, புள்ளிதான் முக்கியம், அதை மறக்கவே கூடாது என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அது நான் பிரிவுக்கு வந்து சில வருடங்கள் கழித்து ஒரு கார்த்திகை மாதம். அன்று விழுப்புரம் பஸ் ஸ்டாண்டே குளமாக இருந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஆபீசுக்கு வந்து சேர்ந்தேன். கூரை ஒழுகி, பாதிக் கோப்புகளை நடுமேஜைக்கு மாற்றியிருந்தார்கள். மரக்காணத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று மேலிருந்து போனுக்கு மேல் போன். தலைவர் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். அந்தோணியம்மாள் லைனில் வந்தார்.

"மூணு புள்ளி ரெண்டு சார்."

"என்னம்மா சொல்ற? இங்க ஊரே மெதந்துக்கினு இருக்குது."

"இங்க மேகம் மட்டுந்தான் சார் போய்க்கினு இருக்குது. காத்தால கொஞ்சம் தூறிச்சி. மூணு புள்ளி ரெண்டு."

"நல்லா பாத்தியா? முப்பத்திரண்டா இருக்கப் போவுது."

"ரெண்டு வாட்டி ஊத்திப் பாத்துட்டுத்தான் சார் வர்றேன். அடிக் கோட்டாண்ட நின்னுக்கினு இருக்குது."

தலைவர் காதில் அது விழுந்தது. "முப்பத்திரண்டு போடுப்பா. விழுப்புரத்துல இவ்ளோ கொட்டுது, அந்தப் பக்கம் மூணா? மேல கேட்டா யாரு பதில் சொல்றது? பேஜாரு. ஜல்தியா முடி."

அன்று காலையில்தான் கூட்டேரிப்பட்டில் ஷட்டரைத் தூக்கி, அரை மணி நேரத்துக்கு முன் திண்டிவனத்தில் பெய்தது இங்கே இல்லையே என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டு வந்திருந்தேன். அதே வாயால் "சரி சார்" என்றேன். ரெஜிஸ்டரில் 32 என்று எழுதினேன்.

அந்த மாதத்தில் இன்னும் இரண்டு நாள் அப்படியே செய்தேன். ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்த எண்ணும் முந்தைய எண்ணோடு பொருந்த வேண்டும் அல்லவா? மாதக் கடைசியில் அவருடைய கார்டு வந்தது. மூன்று இடத்திலும் புள்ளி கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. கார்டும் ரெஜிஸ்டரும் ஒத்துப் போக வேண்டும், தணிக்கையில் பார்ப்பார்கள். ரெஜிஸ்டரில் அடித்துத் திருத்தினால் நான் கையெழுத்துப் போட்டுக் காரணம் எழுத வேண்டும். மேஜையில் பென்சில் சீவுகிற பிளேடு இருந்தது. அதன் முனையால் மூன்று புள்ளிகளையும் சுரண்டி எடுத்தேன். மூன்று புள்ளிக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்புறம் டீ குடிக்கப் போனேன்.

அந்தோணியம்மாள் ஊரில் ஏரி நிரம்பவில்லை. ஏரியை நம்பி நட்ட சம்பா கதிர் வெளிவருகிற நேரத்தில் காய்ந்தது. கேப்பையும் போனது. மார்கழியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடலாம் என்றால் கிணற்றில் தண்ணீர் இல்லை. வறட்சிப் பகுதிகளின் பட்டியல் தயாரானபோது அந்த ஊர் அதில் இல்லை. பட்டியலில் இருந்தால் குடிக்கத் தண்ணீர் லாரி வந்திருக்கும், ஊரிலேயே ஏரி வேலை நடந்திருக்கும். மனு எடுத்துக்கொண்டு பத்துப் பேர் வந்தார்கள். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த அதிகாரி அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க ஊர் மழைமானியே நல்ல மழைன்னு சொல்லுதே. நாங்க என்ன பண்ண முடியும்?"

மழைமானி சொல்கிறது என்றால் யார் சொன்னதாக அர்த்தம்? ஊருக்குள் மழைமானியைத் தொடுகிற கை ஒன்றே ஒன்றுதான். வந்தவர்கள் திரும்பிப்போய் அந்தோணியம்மாள் வீட்டு முன்னால் நின்றார்கள்.

அடுத்த வாரம் அவர் தனியாக விழுப்புரத்துக்கு வந்தார். மஞ்சள் பையில் தினசரிக் காலண்டர் தாள்கள். கிழித்த ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் அன்றைய மழையை எழுதி வைத்திருந்தார். அதிகாரி என்னையும் தலைவரையும் கூப்பிட்டார், கார்டை எடுத்து வரச் சொன்னார்.

"காலண்டர் தாளெல்லாம் ஆவணம் கிடையாதும்மா. நீங்க கையெழுத்துப் போட்ட கார்டுல முப்பத்திரண்டுன்னுதானே இருக்கு?"

அந்தோணியம்மாள் கார்டை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். "நான் புள்ளி வெச்சேன் சார். இங்க ஒரு புள்ளி இருந்துது. எடம் உட்டு இருக்குது பாருங்க."

"வெச்சிருந்தா இருக்குமே" என்றார் அதிகாரி. பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

வேலை போயிருக்காது. அதை அன்றே நான் அறிவேன். ஒரு மெமோ வந்திருக்கும், விளக்கம் கேட்டிருப்பார்கள், கொஞ்ச நாள் என்னைப் பற்றிக் கேன்டீனில் பேசியிருப்பார்கள். தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு மெமோவுக்குப் பயந்து நான் சொன்னேன்: "கார்டுல இருக்கிறதைத்தான் சார் ஏத்தினேன். குவளையில வாசிக்கும்போது தப்பு நடந்திருக்கலாம்."

அந்தோணியம்மாள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கார்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. "சார், இங்க தடவிப் பாருங்க. புள்ளி பின்னாடி இருக்குது. அழுத்தித்தான் வெப்பேன், எப்பவும்."

அதிகாரி சிரித்தார். கேலியாக அல்ல, பாவம் என்பது போலச் சிரித்தார். கார்டை வாங்கி அப்படியே என்னிடம் நீட்டிவிட்டு அடுத்த கோப்பைத் திறந்தார்.

என் மேஜைக்குத் திரும்பி வந்து நான் தடவிப் பார்த்தேன். இருந்தது. மையைத்தான் நான் சுரண்டியிருந்தேன். அவர் அழுத்திய அழுத்து, பின்பக்கம் கடுகளவு புடைத்துக்கொண்டு, மூன்று இடத்திலும் அப்படியே இருந்தது. அந்த நிமிஷமே அதிகாரியின் அறைக்குப் போயிருக்கலாம், பத்து அடி தூரம்தான். கார்டை மற்றக் கார்டுகளோடு சேர்த்துக் கட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மழைமானியின் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பங்களாவின் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். அந்தத் தை மாதம் அந்த ஊரில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். அடுத்தடுத்த வருடங்களில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு மழைமானி பற்றி வகுப்பெடுக்க என்னைத்தான் அனுப்புவார்கள். புள்ளிதான் முக்கியம் என்று நன்றாகவே வகுப்பெடுப்பேன். பழைய கட்டுகளைக் கழிக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது அந்த ஒரு கார்டை மட்டும் உருவி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, இரண்டாயிரத்துப் பத்துக்கு மேல், ஒருநாள் காலையில் அந்தக் கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். விழுப்புரத்தில் தூறல் இருந்தது. அங்கே போய் இறங்கியபோது வெயில்.

அந்தோணியம்மாள் வீட்டு வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க சார்" என்றார். நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததைச் சொன்னேன். ரெஜிஸ்டர், கார்டு, பிளேடு எல்லாவற்றையும் சொன்னேன். உரிக்கிற கை நிற்கவே இல்லை.

"தெரியும் சார்."

"எப்பத்துல இருந்தும்மா?"

"அன்னிக்கே. உள்ள வர்றப்ப பாத்தேன், உங்க மேஜை மேல பிளேடு கெடந்துது."

"அப்ப ஏம்மா சொல்லல?"

இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "சொன்னேனே சார். பின்னாடி தடவிப் பாருங்கன்னு சொன்னேன். யாரும் தடவல. நீங்களும் தடவல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிச்சிடும்மா என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தபோது எனக்கே அற்பமாகப்பட்டது.

"இந்த ஊர்ல என் பேரு என்னா தெரியுமா சார்? மழைக்காரி. எம் பையன் கல்யாணத்துல பந்தியில குந்திக்கினு சொல்றானுங்க, மழைக்காரி ஊட்டு சோறுடா, கொடை எடுத்தாந்தியான்னு. பேரப் புள்ளைய ஸ்கூல்ல பசங்க மழைக்காரி பேரன்னு கூப்புடுதுங்க. எதுக்குன்னு அதுங்களுக்கே தெரியாது." உரித்த தோலை ஒதுக்கித் தள்ளினார். "எங்கிட்ட சொல்லி என்னா சார் ஆவப் போவுது? எனக்குத் தெரிஞ்சதுதானே. தெரியாதவங்க ரோட்டு டீக்கடையில குந்திக்கினு இருக்காங்க. நீங்க பஸ்ஸுக்கு அங்கதான் நிக்கணும். அவங்ககிட்ட சொல்லிட்டுப் போங்க."

கோபமாகச் சொல்லவில்லை, வழி சொல்வது போலத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத்தான் போவேன் என்று நினைத்துக்கொண்டே எழுந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

டீக்கடையில் என் வயதுக்காரர்கள் நான்கு பேர் இருந்தார்கள். பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். எந்த ஆபீசில் இருந்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். மழைக் கணக்கு என்றேன்.

"ஓ, மழை ஆபீசா! எங்க ஊர்லயும் ஒரு மழைக்காரி இருக்குது சார்" என்று அவர் சிரித்தார். "பெய்யாத மழைய எழுதி ஊரையே சூளைக்கு அனுப்பிச்சிது. ரெண்டு வருஷம் நான் கல்லு அறுத்தேன்."

மற்றவர்களும் சிரித்தார்கள். அதில் கோபம் இல்லை. பழகிப்போன தமாஷ். கோபமாக இருந்திருந்தால்கூட நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. என் கை சட்டைப் பைக்குள் போனது. கட்டைவிரலுக்குக் கார்டின் பின்பக்கப் புடைப்பு தட்டுப்பட்டது. "அந்தம்மா சரியாத்தான் எழுதினாங்க." அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

"சார், விழுப்புரம் வண்டி. ஜல்தியா ஏறுங்க, அப்புறம் மத்தியானம்தான்" என்றார் கல் அறுத்தவர். என் குடையை அவரே எடுத்துக் கையில் கொடுத்தார்.

ஏறிவிட்டேன்.

பக்கத்து எண்ணோடு ஒத்துப் போகாத எண் உங்கள் திரையில் நாளையும் வரும். கருவி கெட்டிருக்கலாம், போய்ப் பாருங்கள். போய்ப் பார்த்த பிறகும் ஒத்துப் போகாவிட்டால் அப்படியே எழுதுங்கள். மழை ஊருக்கு ஊர் வேறாகத்தான் பெய்யும், அது உங்கள் குற்றமும் இல்லை, அளந்தவர் குற்றமும் இல்லை. இதை உங்களிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. நீங்கள் என்னைச் சார் என்று கூப்பிடுகிறவர்கள், படித்துவிட்டு என் நேர்மையைப் பாராட்டக்கூடச் செய்வீர்கள்.

கார்டு என் மேஜை டிராயரில் இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து அந்த ஊருக்குக் காலையில் ஒரு பஸ் போகிறது. இன்றும் போயிருக்கும். நான் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருந்தேன்.